ஷீபாவின் நாற்காலியில் பாட்டு சிந்தாது

ஒரு பாட்டுத் தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, நடுவில் ஒரு முறைகூட விரலை நீட்டித் தள்ளாமல், நீங்கள் கடைசியாக எப்போது கேட்டீர்கள்? ரொம்ப யோசிக்க வேண்டாம், கேட்டிருக்க மாட்டீர்கள். பிடித்த பாட்டு எது என்றால் உடனே சொல்வீர்கள். அதற்கு முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வந்தது என்று கேட்டால் விழிப்பீர்கள். ஒரு நாவலின் நடுப்பக்கத்தை மட்டும் கிழித்துப் படித்துவிட்டு அருமையான நாவல் என்று சொல்கிற ஆளை என்ன சொல்லித் திட்டுவீர்களோ, அதையே உங்களுக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

போர்ட் பிளேயரின் டெலானிபூர் பகுதியில் ஷீபாவின் அழகு நிலைய நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவர்களிடம் இந்தக் குறை கிடையாது. அவர்களுக்கு வேறு வழியில்லை. தலை முழுக்க டை அப்பியிருக்கும். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் துணி இறுகியிருக்கும். கண்ணாடிக்கு மேலே பலகையில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி பாட ஆரம்பித்திருக்கும். அதை நோக்கி ஒரு கை நீண்டால், ஷீபா சீப்பின் பின்பக்கத்தால் அந்தக் கையை மெல்லத் தட்டுவார்.

"ஆடாதீங்க. பாட்டு சிந்திரும்."

கடையில் கடிகாரம் கிடையாது. ஒன்று இருந்தது. உப்புக் காற்றில் அதன் முள் ஒட்டிக்கொண்டபோது கழற்றிப் போட்டுவிட்டு, அந்த ஆணியில் கத்தரிக்கோல் உறையை மாட்டிவிட்டார். நேரத்தைப் பாட்டால் அளப்பதுதான் அவர் வழக்கம். "புருவத்துக்கு ஒரு பாட்டு. முடி வெட்ட மூணு. டை பிடிக்க ஒரு ஆல்பம் ஆக்கும். மருதாணின்னா ரெண்டு ஆல்பம், அதுல ஒண்ணு நீங்க சொல்றது." இப்போதெல்லாம் பாடகர்கள் தொகுப்புகளைச் சின்னதாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் பாதிக்கப்பட்டவர்களில் டெலானிபூர் அரசுக் குடியிருப்புப் பெண்களும் அடக்கம். "ஆறே பாட்டுல முடிச்சிட்டான், பாவி. ஒங்களுக்குக் காதோரம் நரை அப்பிடியே நிக்கி. இருங்க, மறுபடி முதல்லருந்து போடுதேன்."

ஷீபா போர்ட் பிளேயரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் குளச்சல் கடற்கரையிலிருந்து மீன்பிடிக்க வந்தவர்கள். ஆகவே அவருடைய தமிழ் குமரிக் கடற்கரைத் தமிழ், இந்தி தீவின் இந்தி. இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் குடியிருக்கும். குள்ளமான உருவம். தன் முடியைத் தானே, கண்ணாடி பார்க்காமல், காதளவுக்கு வெட்டிக்கொள்வார். அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரத் தயங்கும் புது வாடிக்கையாளர்களை, "இது எனக்கு. ஒங்களுக்கு நல்லா வெட்டுவேன்" என்று சொல்லி உட்கார வைப்பார்.

நாற்காலியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. வங்காளப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மலையாள நர்சுகள். "தீதி, ஹிலோ மத், கானா கிர் ஜாயேகா" என்று அதே கட்டளையை இந்தியில் போட்டுவிட்டு, அவர்களிடமும் கருத்துக் கேட்பார். ஒரு வங்காள அம்மாள் ஒரு தமிழ்த் தொகுப்பு முழுவதையும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழுகை வந்தது" என்று இந்தியில் சொன்னபோது, ஷீபா அதை ஒரு முழு ஓட்டாகக் கணக்கில் வைத்துக்கொண்டார். தீவின் வடக்கே மாயாபந்தரில் கரேன் மொழி பேசும் இளைஞர்கள் கிட்டாரோடு செய்திருக்கும் தொகுப்பு இப்படித்தான் வருடத்தின் சிறந்த தொகுப்புகள் என்று அவர் போடும் பட்டியலில் இந்த ஆண்டு இடம்பிடித்தது. அந்த மொழியில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. "தெரிஞ்ச பாஷைன்னா வார்த்தையப் பிடிச்சுத் தொங்குவோம். தெரியாததுனால பாட்டையே கேட்டேன்."

செவ்வாய்க்கிழமை முடி வெட்டக் கூடாது, வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது, அமாவாசையன்று கத்தரியே எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கப்பலேறிக் கடல் தாண்டி வந்தவர்கள், சொத்தை விட்டார்கள், சொந்தத்தை விட்டார்கள், இதை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்துவிட்டார்கள். ஷீபா வாதாடுவதில்லை. "இன்னைக்கு செவ்வாய்னு ஒங்களுக்குத் தெரியும். முடிக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வெட்டத் தொடங்கிவிடுவார். கல்யாணப் பெண்ணை இழுத்து வந்து, "கொஞ்சம் வெளுப்பாக்கி விடு" என்கிற அம்மாக்களிடம் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது. "பொண்ணு நல்லாத்தான் இருக்கு. ஒங்க கண்ணுக்கு வேணும்னா மருந்து போடுங்க."

பாட்டு விஷயத்திலும் அந்த வாய்தான். ஊரே கொண்டாடிய ஒரு தொகுப்பு. ஒரே ஒரு பாட்டு எல்லார் போனிலும் ஒலித்தது. ஷீபா முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு அப்பாவின் தொழிலிலிருந்து ஒரு தீர்ப்பை எடுத்து வீசினார்: "பெட்டி நிறைய ஐஸு. உள்ள ஒரு மீனு."

அந்தச் சொல் அரசுக் குடியிருப்பிலிருந்து இறங்கி, மார்க்கெட் வரை போய்விட்டது. மார்க்கெட்டில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் சொர்ணம்மா அதை இப்போது மாப்பிள்ளைகளைப் பற்றியும் பயன்படுத்துகிறார்.

இந்தத் தொகுப்புகள் ஷீபாவிடம் வந்து சேரும் வழியைச் சொல்ல வேண்டும். கடலுக்கடியில் கேபிள் போட்டு, தீவுக்கும் ஒழுங்கான இணையம் வந்துவிட்டது. ஆனாலும் ஷீபா நெட்டில் பாட்டுக் கேட்க மாட்டார். பல வருடம் ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வெந்து இறக்கியாகிவிடும் என்கிற ஊரில் இருந்தவர். "நடுவுல வட்டம் சுத்தும். சுத்துற வட்டத்தப் பாக்கவா பாட்டு?" அவருடைய கணவர் ராபின், சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் ஓடும் கப்பலில் வேலை பார்க்கிறார். சென்னையில் கப்பல் நிற்கும் நாள்களில் ஷீபா கேட்ட தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்கி, பென்டிரைவில் ஏற்றிக் கொண்டு வருவார். ஷீபா அதைக் கடைப் பெட்டியில் செருகுவார். நாற்காலியில் இருப்பவர்கள் ஆடாமல் கேட்பார்கள்.

இணையம் நொண்டிக்கொண்டிருந்த காலத்தில் இதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. டிசம்பர் கடைசி ஞாயிறு மாலையில், அங்கிருக்கும் தமிழர் நலமன்றம் ஆண்டு நிறைவு கொண்டாடும். பிள்ளைகள் ஆடுவார்கள், பரிசு கொடுப்பார்கள், பிரியாணி உண்டு. அதோடு, அந்த வருடத்தின் சிறந்த பாட்டுத் தொகுப்புகளை மேடையில் ஒருவர் சொல்வார். சொல்லி முடித்ததும் ஆளுக்கொரு பென்டிரைவோடு வரிசையில் நின்று எல்லோரும் ஏற்றிக்கொண்டு போவார்கள். கேபிள் வந்தும் அந்த வரிசை கலையவில்லை. வருடம் முழுக்க முகம் பார்க்காதவர்கள் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேதான் வம்பு பேசுகிறார்கள்.

மேடையில் சொல்லும் அந்த ஒருவர் ராபின். கேட்பது ஷீபா, எடை போடுவது ஷீபா, இதற்கு முதலிடம் அதற்கு ஐந்தாமிடம் என்று இரவும் பகலும் மண்டையை உடைத்துக்கொள்வது ஷீபா. மைக்கில் சொல்வது ராபின். ஊரில் அதற்குப் பெயரே 'ராபின் லிஸ்ட்'. "ராபினுக்கு என்னா காதுய்யா" என்று மன்றத் தலைவர் பக்தவத்சலம் வருடா வருடம் அவர் முதுகில் தட்டுவார். ராபின் சிரித்துக்கொள்வார். அவர் பொய் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை. உலகத்தில் பாதி அநியாயம் இந்த மாதிரி நல்ல மனிதர்களின் சிரிப்பில்தான் நடந்து முடிகிறது.

போன வருடம்தான் அது முறிந்தது. ஷீபா முதலிடம் கொடுத்த தொகுப்பைப் பற்றி அவர் சொல்லிக்கொடுத்தது ராபினுக்கு மேடையில் மறந்துபோயிற்று. மைக் முன்னால் சும்மா நிற்க முடியாதே. "சமைக்கும்போது கேட்க நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஒரு சாவைப் பற்றிய பாட்டுகள் அவை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஷீபா, வீட்டுக்கு வந்ததும் ஒரு வாக்கியம் சொன்னார். "அடுத்த வருஷம் நான் பேசுவேன்."

ராபின் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவருக்கும் அது ஒரு விடுதலைதான். மன்றம் தலையாட்டவில்லை. பக்தவத்சலம் வேலூர்ப் பக்கத்துக்காரர், அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்லவர். இந்த வருட விழா நெருங்கியபோது அவரே ஷீபாவின் கடைவாசலுக்கு வந்து, உள்ளே வராமல், படியில் நின்று பேசினார்.

"ஷீபாம்மா, நீ பேசறதுல எனக்கொண்ணும் இல்ல. ஜனங்க ராபினைத்தான எதிர்பார்ப்பாங்க? பேனர் வேற ஆர்டர் குடுத்தாச்சு."

"பேனர்ல பேர மாத்த முடியாதா, சார்?"

"சோட் தோ மா, விட்டுடு. பேர்ல என்ன இருக்கு?"

"பேர்ல ஒண்ணும் இல்லன்னா, எம் பேர போடுறதுக்கு என்ன?"

தீவில் சாதி இல்லை, மதச் சண்டை இல்லை, ஆணென்றும் பெண்ணென்றும் பேதமில்லை என்று கப்பல் விட்டு இறங்குகிறவர்களிடமெல்லாம் மார்தட்டிக்கொள்வார்கள். பேனர் வந்தது. 'ராபினின் இவ்வாண்டுத் தேர்வுகள்' என்று பெரிய எழுத்தில். கீழே, ஈ மொய்த்த மாதிரி ஒரு வரி: 'உரை: திருமதி ராபின்.' அவ்வளவு பேச்சுக்குப் பிறகும் ஷீபா என்ற மூன்று எழுத்துக் கூட வராத பெயருக்கு அந்தத் துணியில் இடமில்லாமல் போய்விட்டது.

ஷீபா அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார். பெட்டியில் 'ஈரச் சட்டை'யைப் போட்டார்.

இந்த ஆண்டு அவர் முதலிடத்துக்கு வைத்திருந்த தொகுப்பு அதுதான். தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர்கள் நாலு பேர் செய்தது. விசைப்படகில் நெடுநாள் மீன்பிடிக்கப் போகும் ஒருவனும், கரையில் அவன் மனைவியும். ஒவ்வொரு பாட்டும் அவர்கள் வாழ்க்கையில் ஒரு துண்டு. முதல் பாட்டில் அவன் திரும்பி வந்திருக்கிறான். அவனுடைய ஈரச் சட்டை கொடியில் காய்கிறது. நடுவில் புயல், வயர்லெஸ்ஸில் உடைந்து உடைந்து கேட்கும் குரல், கரையில் காத்திருப்பு. கடைசிப் பாட்டில் அவன் விடியலில் கிளம்புகிறான்.

"கேட்டியளா, எவ்வளவு தைரியம்னு?" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் ஷீபா சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாரும் போனவன் வந்தான்னு முடிப்பானுவ. இவனுவ வந்தவன் போனான்னு முடிக்கானுவ. மொதப் பாட்டுல காயிற சட்டயத்தான் கடைசிப் பாட்டுல மாட்டிக்கிட்டுப் போறான். கப்பக்காரன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு அடுக்கின மாதிரில்லா இருக்கு." இதைச் சொல்லும்போது அவர் கையிலிருக்கும் டை பிரஷ் காற்றில் நிற்கும். சொர்ணம்மா உள்பட ஊரில் பாதிப் பேருக்கு இந்த விளக்கம் மனப்பாடம். மேடைக்காகவே அவர் செதுக்கி வைத்திருந்த பேச்சு அது.

விழாவுக்குச் சில நாள் இருக்கும்போது சௌமியா வந்தாள். அரசுக் குடியிருப்பில் இருப்பவள், பள்ளி ஆசிரியை, திருச்சிப் பெண். தலையில் டை ஏறியது, பெட்டி பாடியது. முதல் பாட்டு முடிவதற்குள் அவள் முகம் சுருங்கியது.

"அக்கா, இது கடைசிப் பாட்டாச்சே. ஏன் முதல்ல வருது?"

"இதான் மொதப் பாட்டு."

"இல்லக்கா. நான் போன்ல கேட்டேனே. அவன் கிளம்பறதுதான் முதல் பாட்டு. இந்தச் சட்டைப் பாட்டோட முடிஞ்சிடும்."

"ஒங்க போனுல கோளாறாயிருக்கும்."

சௌமியா டை படாமல் போனைத் தூக்கிக் காட்டினாள். பாடியவர்களே போட்டிருந்த வரிசை. ஷீபா பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பெட்டியை நிறுத்தினார். அந்தக் கடையில் ஒரு தொகுப்பு பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நேரம் தெரியாமல் போய், சௌமியாவின் முடி கன்னங்கரேலென்று ஆகிவிட்டது.

ராபின் அப்போது ஊரில் இருந்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே ஷீபா கேட்டார்.

"ஈரச் சட்டைய எப்பிடி ஏத்தினீங்க?"

"எப்பிடின்னா? ஒண்ணொண்ணா காப்பி பண்ணினேன். கப்பல்ல வச்சு."

கடைப் பெட்டி பழைய பெட்டி. எந்தப் பாட்டு முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும், கடைசியில் ஏறியதைக் கடைசியில் பாடும். அதற்கு வேறு அறிவு கிடையாது.

"எத மொதல்ல காப்பி பண்ணினீங்க?"

"சட்ட காயுற பாட்டு. சென்னையில கயிறு அவுத்தாச்சு, வீட்டுக்கு வந்துகிட்டிருக்கேன். வேற எதக் கேக்க?"

"கெளம்புற பாட்டு?"

ராபின் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினார். "அது எனக்குப் பிடிக்கல. விட்டுரலாம்னுதான் பாத்தேன். ஒண்ணு கொறஞ்சா நீ கண்டுபிடிச்சிருவ. அதான் கடைசில போட்டேன். என்ன இப்ப?"

ஷீபாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. கப்பக்காரன் பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு அடுக்கின மாதிரி என்று ஊரெல்லாம் சொன்னாரே. அடுக்கியது கப்பல்காரனேதான். சிரித்து முடித்ததும்தான் மற்றது உறைத்தது. ஷீபா பேசப்போவது முதல் வருடம். தன் காதை ஊர் நம்ப வேண்டும் என்று மேடையேறுகிற வருடம். அந்த வருடம் பார்த்து, அவர் வானளாவப் புகழ்ந்த வரிசை ராபினுடையதாகப் போய்விட்டது. பேனரில் போட்டிருந்ததே சரியென்று ஆகிவிடும்.

"அக்கா, என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மறுநாள் சௌமியா கடைக்கு வந்து சத்தியம் செய்தாள். "நீங்க தயார் பண்ணினத அப்படியே பேசிடுங்க. அழகா இருக்கு அது."

"அழகாத்தான் இருக்கு. உண்மையா இல்லயே."

அந்த வார இறுதி வரை ஷீபா 'ஈரச் சட்டை'யைச் சரியான வரிசையில் ஏற்றி, திரும்பத் திரும்பக் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் அதையே கேட்டார்கள். சரியான வரிசையில் அவன் கிளம்புகிறான், தவிக்கிறான், வந்து சேர்கிறான், சட்டை காய்கிறது. நல்ல பாட்டுகள்தான். ஆனால் சுபம் என்று எழுதிப் போட்ட மாதிரி முடிந்தது. ஆராய்ச்சிக் கூடங்களில் ஒரு முடிவு தவறென்று தெரிந்தால், பெரிய மேதைகூட அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அச்சில் அறிவிக்க வேண்டும் என்பது முறை. அப்படி அறிவிக்க வராமல் ஓடி ஒளிந்த மேதைகளின் வரலாறு நீளமானது. நம்மூரில் தலைவர்கள் முதல் ஜோசியர்கள் வரை யாரும், நான் சொன்னது தவறு என்று மைக் பிடித்துச் சொல்லி நாம் கேட்டதில்லை. ஜோசியம் பொய்த்தாலும் கிரகத்தின் மேல்தான் பழி.

ஞாயிறு மாலை மன்றக் கூடம் நிறைந்திருந்தது. பேனர் மேடைக்குப் பின்னால் தொங்கியது. முன்னால் மைக் ஸ்டாண்டு. இந்த ஸ்டாண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை ஏற்றி இறக்கும் திருகு எப்போதோ துருப்பிடித்து இறுகிவிட்டது. பக்தவத்சலத்தின் வாய்க்கு நேராக நிற்கும் உயரத்தில் இறுகியது. மைக்கையும் கழற்ற முடியாது. ஆடுகிறது என்று யாரோ டேப் சுற்றிவிட்டார்கள். ஆண்கள் சௌகரியமாகப் பேசுவார்கள். பெண்கள் மட்டும் நிலாவைப் பார்த்துப் பேசுகிறவர்கள் போல அண்ணாந்து பேசுவார்கள். வருடக்கணக்காக இதுதான் நடக்கிறது. யாருக்கும் இது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

ஷீபாவும் அண்ணாந்துதான் ஆரம்பித்தார். குரல் பாதி மைக்கில் ஏறியது, பாதி தாடைக்குக் கீழே விழுந்தது. ஆனாலும் கரேன் இளைஞர்களின் கிட்டாரைப் பற்றிச் சொன்னபோது கூடம் கவனித்தது. ஐஸும் மீனும் வந்தபோது கை தட்டியது. பிறகு முதலிடத்துக்கு வந்தார். சொர்ணம்மா முன்வரிசையிலிருந்து பக்கத்திலிருந்தவரிடம், "ஈரச் சட்டைதான். எனக்கு அப்பவே தெரியும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியம் சொன்னார்.

"மொத எடம், 'எட்டாவது மாடி'" என்றார் ஷீபா.

கூடத்தில் ஒரு சலசலப்பு. சென்னையில் குடிசைகளை இடித்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் கொண்டுபோய்க் கொட்டிய குடும்பங்களிலிருந்து மூன்று பெண்கள் பாடிய தொகுப்பு அது. லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம். பாட்டுக்கு ஒரு மாடி. "மேல போகப் போகப் பாடுறவளுக்கு மூச்சு வாங்குது. கேட்டுப் பாருங்க, அது நடிப்பு இல்ல. தண்ணிக் குடத்தோட ஏறினவளுக்குத்தான் அப்பிடி வாங்கும். கடைசிப் பாட்டு மொட்டமாடியில. அங்க நின்னா அவ பழைய வீடு இருந்த எடம் தெரியுமாம். ஒரு பாட்ட எடம் மாத்தி வச்சாலும் படி தடுக்கும்."

"அப்ப ஈரச் சட்டை என்னாச்சு?" என்றார் சொர்ணம்மா, இருந்த இடத்திலிருந்தே.

"மூணாவது எடம்."

"ஊரெல்லாம் ஒண்ணாவதுன்னு சொன்னியேடி. நானும் கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டேன்."

"சொன்னேன், சொர்ணம்மாக்கா. நான் சொன்னது தப்பு."

ஷீபா முழுவதையும் சொன்னார். தான் புகழ்ந்த வரிசை பாடியவர்கள் வைத்தது இல்லை என்பதை, அவர்கள் செய்யாத கெட்டிக்காரத்தனத்தை அவர்கள் தலையில் ஏற்றிவிட்டதை, பெட்டியின் அறியாமையை. "அந்த வரிச ராபின் வச்சது. வீட்டுக்கு வரும்போது வர்ற பாட்ட மொதல்ல ஏத்திருக்காரு. போற பாட்டு பிடிக்கலன்னு கடைசில போட்டிருக்காரு. எனக்கு அதான் ரொம்பப் பிடிச்சது. அந்தப் பாராட்டு அவருக்குச் சேர வேண்டியது. அதனால ரெண்டு ஃபோல்டர் வச்சிருக்கேன். ஒண்ணு பாடினவங்க வச்சது, ஒண்ணு ராபின் வச்சது. ரெண்டும் ஏத்திக்கிட்டுப் போங்க. கேட்டுட்டு, நான் சொன்னது சரியில்லன்னா கடைக்கு வந்து சண்ட போடுங்க. ஆனா ஆடாம உக்காந்து போடணும்."

சிரிப்பு எழுந்தது. அதற்குள்ளேயே பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல்: "அப்ப பேனர்ல போட்டது சரிதான. கடைசியில ராபின் லிஸ்ட்தான்." சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. வேறு மாதிரிச் சிரிப்பு.

ஷீபாவின் காது மடல் சிவந்தது. அவர் எதிர்பார்த்ததுதான். பல வருடம் அவருடையதை ராபினுடையது என்று சொன்னபோது ஒருவரும் திருத்தவில்லை. ஒரே ஒரு வருடம், ராபினுடையதை ராபினுடையது என்று அவரே சொன்னார். அதையும் எடுத்து மற்ற எல்லாவற்றையும் மூடிவிடப் பார்த்தார்கள்.

பக்தவத்சலம் குதூகலமாக எழுந்தார். "ராபின், எங்கப்பா இருக்க? ஆவோ, ஆவோ. மேல வந்து நீயே ரெண்டு வார்த்தை சொல்லிடு."

ராபின் எழுந்தார். கை தட்டினார்கள். மேடையேறி மைக் முன்னால் வந்து நின்றார். ஷீபா ஒதுங்கி நின்றார். ராபின் வழக்கமாகச் சிரிக்கும் அந்தச் சிரிப்பைக் கூடம் எதிர்பார்த்தது.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஸ்டாண்டின் திருகில் சுற்றினார். கப்பலில் உப்பேறிய போல்ட்டுகளோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டிய கை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கிறீச்சென்ற சத்தம் ஸ்பீக்கரில் எல்லோர் காதையும் அறுத்தது. "அரே, க்யா கர்தா ஹை, என்னய்யா பண்ற" என்று யாரோ கத்தினார்கள். திருகு அசைந்தது. ராபின் ஸ்டாண்டைக் கீழே இறக்கினார். ஷீபாவின் பக்கம் திரும்பி அவர் வாய் இருக்கும் உயரத்தைக் கண்ணால் அளந்தார், இன்னும் இரண்டு விரல் இறக்கினார், திருகை இறுக்கினார். துரு படிந்த கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

ஷீபா மைக்குக்கு வந்தார். அண்ணாந்து பேச வேண்டியிருக்கவில்லை.

உங்கள் ஊர் மன்றத்திலும் ஒரு மைக் ஸ்டாண்டு இருக்கும். இந்த வாரம் போய் அதன் திருகுக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வையுங்கள்.